சக்கை என்று கொட்டுவதுதான் சாப்பாடு

சூப் என்று வாயெடுத்தால் நம் ஊரில் உடனே வரும் கேள்வி, "எதுக்கு நல்லது?" சாம்பாரைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. வத்தக்குழம்பைக் கேட்பதில்லை. கத்தரிக்காய் கொத்சு எந்த நோய்க்கு மருந்து என்று சிதம்பரம் கீழவீதியில் கேட்டால் சிரிப்பார்கள். சூப்புக்கு மட்டும் ஒரு நோய் துணைக்கு வேண்டும். ஆட்டுக்கால் என்றால் எலும்பு முறிவு, நெஞ்செலும்பு என்றால் நெஞ்சுச் சளி, வாழைத்தண்டு என்றால் சிறுநீரகக் கல், முடக்கத்தான் என்றால் மூட்டுவலி, வல்லாரை என்றால் பரீட்சை. கடலூர்ப் பக்கம் சாயங்காலத் தள்ளுவண்டிகளில் மாட்டியிருக்கும் பலகைகளைப் படித்தால், தின்ன வந்தோமா புறநோயாளிச் சீட்டு வாங்க வந்தோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

என் சண்டை அந்தப் பலகையோடுதான். வண்டிக்காரரோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவர் நாம் கேட்பதை எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். சூப்பை மருந்தாக்கியது நாம். மருந்தாக்கியதால் அதை வீட்டை விட்டு விரட்டினோம், தண்ணீராக்கினோம், வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதாக்கினோம். எட்டுப் பேர் உட்கார்ந்து வயிறார உண்ண வேண்டிய ஒரு சட்டிச் சாப்பாடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று குடிக்கிற ஒரு டம்ளர் ஆனது இப்படித்தான்.

மருந்தைப் பழித்து எழுத எங்கள் திருவந்திபுரத்தைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஹயக்கிரீவர் இருக்கும் மலைக்குப் பெயரே ஔஷதகிரி. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிந்திய துண்டு என்பது தலபுராணம். கோயிலின் சேஷ தீர்த்தக் கிணற்றில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வேண்டுதலில் எனக்குக் கேலி இல்லை. ஆனால் கிணற்றில் போடும் மிளகு வேறு, சட்டியில் போடும் மிளகு வேறு. முன்னது சாமிக்குச் சொன்ன சொல். பின்னது காரத்துக்கும் மணத்துக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பக்தியும் கெடும், சமையலும் கெடும்.

சூப் மருந்து என்ற நம்பிக்கைக்கு அடியில் இன்னொரு நம்பிக்கை படுத்திருக்கிறது. அதுதான் ஆணிவேர். "சத்தெல்லாம் தண்ணியில எறங்கிடும், மிச்சம் வெறும் சக்கை." எங்கள் தெருவில் பெரியம்மா முறையுள்ள ஒருவர், நான் பருப்பும் கீரையும் கறியுமாகக் கரண்டியில் அள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு மனசு பொறுக்காமல் கேட்டார்: "ஏம்பா, சக்கையோட குடுக்கறியே, புள்ளைங்க வயித்துக்கு ஆவுமா? வடிகட்டிக் குடேன்." அன்பில்தான் சொன்னார். வடிகட்டி என்ற அந்தச் சின்னச் சாமானுக்குத் தமிழ்நாட்டு அடுப்படியில் இருக்கும் செல்வாக்கு அப்படி.

சரி, கொள்ளை வேகவைத்து வடிகட்டினால் என்ன நடக்கிறது? தண்ணீரில் மணம் இறங்கும். போட்ட உப்பு இருக்கும். பொட்டாசியமும் பி வகை வைட்டமின்களில் ஒரு பங்கும் கொஞ்சம் மாவுச்சத்தும் கரையும். நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அதில் பெரும்பகுதி வடிகட்டியின் மேல்பக்கம்தான் நிற்கும். நார்ச்சத்தும் பெரும்பாலும் அங்கேயேதான். நிறைய வீடுகளில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மாடு கொழுக்கிறது, நாம் தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறோம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொன்ன பழமொழிகூடக் கொள்ளைத்தான் சொன்னது. கொள்ளுத் தண்ணீரை அல்ல.

கீரைக்கும் இதே கதி. முருங்கைக்கீரையை அரைமணி நேரம் கொதிக்கவிட்டுப் பிழிந்து, பச்சை போய்ப் பழுப்பான சாற்றை ஆற்றிக் குடித்துவிட்டு "இரும்புச்சத்து" என்கிறோம். கொதியில் வைட்டமின் சி பெருமளவு அழிந்திருக்கும். இரும்பும் சுண்ணாம்பும் பெரும்பாலும் இலையோடு குப்பைக்குப் போயிருக்கும்.

எலும்பின் கதை இன்னும் நீளம், இன்னும் சுவை. எலும்பிலிருந்து சத்தைப் பிழிந்து எடுத்துவிடலாம் என்ற ஆசை நமக்கு மட்டும் வந்ததல்ல. டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இறுக்கி மூடிய ஒரு பாத்திரத்தைக் காட்டினார். ஆவியின் அழுத்தத்தால் எலும்பையே மெத்தென்று வேகவைத்துவிடும் பாத்திரம் அது. இன்று நம் அடுப்பில் விசில் அடிக்கும் குக்கரின் மூதாதை எலும்புக்காகத்தான் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் டார்செ என்ற வேதியியலாளர், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினைக் கொண்டு ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் சூப் காய்ச்சிக் கொடுக்கலாம், கறிச் செலவு மிச்சம் என்று பிரசாரம் செய்தார். பணக்காரர்களுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. பிடிக்காதா பின்னே? கறியைத் தாங்கள் தின்றுவிட்டு எலும்புத் தண்ணீரை ஏழைக்குக் கொடுத்துப் புண்ணியமும் தேடிக்கொள்ளலாமே. குடித்தவர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் மஜாந்தி என்ற உடலியலாளரின் தலைமையில் ஒரு குழுவைப் போட்டது. நாய்களுக்கு ஜெலட்டினைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் மெலிந்தன. ஜெலட்டினை மட்டும் வைத்து உயிர் வளர்க்க முடியாது என்று 1841இல் குழு அறிக்கை கொடுத்தது. காரணம் பிற்காலத்தில் தெளிவானது: ஜெலட்டினில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கிடையாது. அது முழுமையான புரதம் அல்ல.

"புரதம் கிடக்கட்டும், எலும்புக்கு எலும்புதானே சேரும்? கால்சியம் இருக்கிறதே" என்பார்கள். இதையும் சோதித்துப் பார்த்தாயிற்று, அதுவும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே. மெக்கான்ஸ், ஷெல்டன், விடோசன் என்ற மூவர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட எலும்பு, காய்கறிச் சூப்புகளை ஆராய்ந்து 1934இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் தண்ணீரில் இறங்கும் கால்சியம் அற்பம். காய்கறி சேர்த்தபோதுதான் தாது உப்புகள் ஏறின. எலும்பின் சுண்ணாம்பு கொதிநீரில் அப்படி எளிதாகக் கரையாது. கரைந்தால் நாலு மணி நேரம் வெந்த நெஞ்செலும்பைக் கடித்துச் சப்பிய பிறகும் தட்டில் முழுசாகக் கிடக்குமா?

கணக்குப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. நூறு கிராம் முருங்கைக்கீரையில் முந்நூறுக்கு மேல். ஒரு டம்ளர் பாலில் இருநூற்றுச் சொச்சம். ஆட்டுக்கால் சூப்பு இந்த வரிசையின் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழையும், தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் முருங்கைக்கீரையையும் வாங்கிக் குடித்தவர் எலும்புக்குச் செய்த உபகாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, கடையில் நெஞ்செலும்பு சூப் வாங்கிக் குடித்தவர் செய்திருக்கமாட்டார். ஆனால் கூழை யாரும் பலகையில் எழுதி மாட்டுவதில்லை. அது ஏழைச் சாப்பாடு.

ஆட்டுக்காலின் பிசுபிசுப்பு மூட்டுக்குப் போய்ப் பசையாக ஒட்டும் என்ற நம்பிக்கையும் உண்டு. வயிற்றுக்குள் போன எந்தப் புரதமும் செரித்துப் பெரும்பாலும் அமினோ அமிலமாகத்தான் இரத்தத்தில் சேரும். அதற்கு முழங்கால் எது, மூக்கு எது என்று தெரியாது. இதிலொரு வேடிக்கை என்னவென்றால், கறியிலும் எலும்பொட்டிய சதையிலும் இருக்கும் பியூரின் தண்ணீரில் நன்றாகவே இறங்கும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கியவருக்கு "மூட்டுக்கு நல்லது" என்று இறைச்சிச் சாறு வாங்கிக் கொடுப்பது வலியை விலைக்கு வாங்குவது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கீரைச் சாற்றில் இறங்கிய பொட்டாசியமே வம்பாகலாம். மருந்து என்று பெயர் வைத்தால் அளவும் ஆகாதவர் பட்டியலும் சேர்ந்து வரவேண்டும். தள்ளுவண்டிப் பலகையில் அதற்கு இடமில்லை.

இவ்வளவையும் வெறும் வேடிக்கை என்று விட்டுவிடலாம், ஒரு விஷயம் மட்டும் இல்லாவிட்டால். சத்து தண்ணீரில் இறங்கிவிடும் என்ற இதே நம்பிக்கைதான் ஆறு மாதக் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறது. பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்த நீரை இறுத்து, உப்பு ஒரு சிட்டிகை போட்டுப் பாலாடையில் புகட்டுகிறார்கள். வெந்த பருப்பு பெரியவர்களின் சாம்பாருக்குப் போகிறது. நூறு மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 65 கலோரி இருக்கும். அந்தப் பருப்புத் தண்ணீரில் அதன் பக்கத்தில் வரும்படி ஒன்றுமில்லை. கைக்குழந்தையின் வயிறு சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பாலுக்கும் சோற்றுக்கும் இடம் இருக்காது. இணை உணவு கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்கும் கெட்டியில் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் குழந்தை மருத்துவர்களும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். தடுப்பூசிக்கு வரும் தாய்மாரிடம் அங்கன்வாடியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். "பருப்பையே மசிச்சுக் குடும்மா." வீட்டில் இருக்கும் பாட்டி வடிகட்டியோடு நிற்கிறாள். அந்த இழுபறியில் தோற்பது குழந்தை.

காய்ச்சலில் எழுந்தவருக்கும் இதேதான். ஒரு வாரம் கஞ்சித் தண்ணீர், ரசத் தண்ணீர், சூப்புத் தண்ணீர். பசியெடுக்கும் நேரத்தில் உடம்பு கேட்பது புரதம். வயதானவர்கள் படுக்கையில் கிடந்து கால் சதை வற்றி, எழுந்து நிற்கத் தடுமாறுவதற்கு நோய் பாதி காரணம், பத்தியம் மீதி. மருந்து என்று நினைத்துத்தான் கொடுக்கிறோம். பட்டினி போடுகிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நான் பேசுவது வழக்காடல் ஆகாது, வசைபாடல் ஆகும். சளி பிடித்தவருக்குச் சூடான சூப் இதமாக இருக்கிறது என்பது பொய்யல்ல. 1978இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வாளர்கள் சூடான கோழிச் சூப் மூக்குச் சளியை வேகமாக நகர்த்துவதைக் கண்டார்கள். வெந்நீரும் அதை ஓரளவு செய்தது. பலன் அரைமணி நேரத்துக்குள் தணிந்தது. 2000இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து நுரையீரல் மருத்துவர் ஸ்டீபன் ரெனார்ட், மனைவியின் பாட்டி கைப்பக்குவத்தில் வைத்த கோழிச் சூப்பைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, வெள்ளையணுக்களில் ஒருவகையின் நடமாட்டத்தை அது மட்டுப்படுத்துகிறது என்று எழுதினார். கண்ணாடித் தட்டில் நடந்த சோதனை அது, மனித மூக்கில் நடந்ததல்ல. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பாட்டியின் சூப்பில் கோழியும் இருந்தது, கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் இருந்தன. அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. சளிக்கு இதமாக இருந்தது கொசுறு.

இன்னொரு கட்சி, "இது சித்தர் காலத்து மரபு, நீ யார் பேச?" என்று வரும். மரபைப் பற்றியே பேசுவோம். சித்த மருத்துவத்தில் குடிநீர் என்று ஒன்று இருக்கிறது. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் ஒன்பது சரக்கு, கபசுரக் குடிநீரில் பதினைந்து. எவ்வளவு சூரணம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவாகக் காய்ச்சிக் குறுக்கவேண்டும், எத்தனை மில்லி, எத்தனை நாள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. டெங்குக் காலத்திலும் கொரோனாக் காலத்திலும் அரசே கொடுத்தபோது இந்தக் கணக்கோடுதான் கொடுத்தது. அது வேலை செய்கிறதா என்பது தனி விவாதம், ஆனால் அது தன்னை மருந்து என்று சொல்லிக்கொள்ளும் ஒழுங்கோடு இருக்கிறது. நாலு தூதுவளை இலையும் கார்ன்ஃப்ளாரும் அஜினோமோட்டோவும் சேர்ந்த கோப்பையைச் சித்தர் தலையில் கட்டுவது சித்தருக்குச் செய்யும் மரியாதை இல்லை. கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கை மலைக்காரர்கள் சூப்பு வைத்துக் குடித்தால் அது அவர்கள் சாப்பாடு, அவர்கள் குளிருக்கு ஏற்றது. அதைச் சமவெளிக்கு மூட்டையில் இறக்கி "எழுபது நோய்க்கும் ஒரே கிழங்கு" என்று கூவும்போதுதான் அது வேறொன்றாகிறது.

"உணவே மருந்து" என்று ஓட்டல் சுவரில் எழுதிவிட்டுப் பக்கத்தில் வள்ளுவர் படத்தையும் மாட்டுகிறார்கள். வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், தொண்ணூற்றைந்தாவது. அதில் ஒரு கீரையின் பெயர் கிடையாது, ஒரு கிழங்கின் பெயர் கிடையாது. முன்பு உண்டது செரித்ததா என்று பார், பசித்த பிறகு உண், அளவாக உண், அப்புறம் மருந்தே வேண்டாம் என்பதுதான் பெரும்பகுதியின் சாரம். கடைசி மூன்று குறள் வைத்தியம் பற்றியவை. உணவையும் மருந்தையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார், அவரையே இந்தக் குழப்பத்துக்குச் சாட்சி கூப்பிடுகிறோம்.

எங்கள் மாவட்டத்துக்காரரான வள்ளலாரைக் கூப்பிட்டாலும் இதே கதைதான். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் முசுமுசுக்கையையும் அவர் பரிந்துரைத்தது உண்மை. மூலிகை சூப் விற்பவர்கள் அதைச் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் 1867 மே 23இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு மூலிகைச் சாறு காய்ச்ச மூட்டியதல்ல. பசித்தவனுக்குச் சோறு போட மூட்டியது. இன்றுவரை அணையாத அந்த அடுப்பின் முன் வந்து உட்காருகிறவரிடம் "உனக்கு என்ன வியாதி?" என்று யாரும் கேட்பதில்லை. பசியையே பிணியாகப் பார்த்தவர் அவர். அந்தப் பிணிக்கு வடிகட்டிய தண்ணீர் உதவாது.

மருந்தானதில் இன்னொரு அநியாயமும் நடந்தது, அதை யாரும் பேசுவதில்லை. மாலையில் எந்த ஆட்டுக்கால் சூப் கடையிலாவது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குடிப்பவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் ஆண்கள். "உடம்புக்குத் தெம்பு" என்று ஒரு கோப்பையை ஊதி ஊதிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே மனைவி மத்தியானத்துக் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருப்பாள். நம் நாட்டில் ரத்தசோகை அதிகம் இருப்பது பெண்களிடம். தெம்பு தேவைப்படும் உடம்பு எது என்று யோசிக்காமலே தெருமுனையில் தெம்பு விற்றுத் தீர்கிறது. வீட்டில் வைத்தாலும் மருந்து என்பதால் அளந்து வைக்கிறார்கள்: கால் ஒடிந்த பையனுக்கு ஒரு டம்ளர், பிரசவம் ஆனவளுக்குப் பத்து நாளைக்கு, அதோடு சரி. சட்டி நிறைய வைத்து எல்லோரும் உட்கார்ந்து குடிக்கலாம் என்று தோன்றுவதில்லை. மாத்திரையைப் பந்தி வைத்துப் பரிமாறுவார்களா?

பாக்கெட் சூப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது உப்பும் மாவும். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பொட்டலத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கல்யாண வாசல் தக்காளி சூப்பும் அப்படித்தான். முகூர்த்த நாளில் எங்கள் ஊர் மண்டபங்களில் ஒன்றில் நுழைந்தாலே சந்தனத்துக்கு முன்னால் அந்தச் சிவப்புக் கோந்து கைக்கு வந்துவிடுகிறது. பந்தி காலியாகும்வரை ஆளை நிறுத்தி வைக்க வேறு வழி இல்லையென்றால் நாயனத்தைக் கொஞ்சம் கேட்கச் சொல்லலாம்.

வேறு எப்படித்தான் வைக்கவேண்டும் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் இராச் சமையல் என் பொறுப்பு, ஆகவே கை நனைத்த தைரியத்தில் சொல்கிறேன். பண்ருட்டிப் பலா வந்து குவியும் வைகாசி, ஆனியில் கொட்டையை எறியாமல் மண்ணில் புரட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் சூப்புக்குக் கெட்டி கொடுக்க அதைவிட ருசியான சரக்கு இல்லை. கார்ன்ஃப்ளார் கோந்தைத்தான் தரும், பலாக்கொட்டை மாவும் தரும் மணமும் தரும். ஐந்து பேருக்கு ஒரு பத்துப் பதினைந்து கொட்டையை மேல்தோல் உரித்து நசுக்கிப் போட்டு, கூடவே முக்கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி நொய், அரைக்கிலோ எலும்பொட்டிய கறி. எலும்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாருங்கள். அதன் சுவைக்கும் பிசுக்குக்கும் ஈடில்லை. கால்சியத்துக்காக வாங்காதீர்கள், ருசிக்காக வாங்குங்கள். கறியும் சேர்ந்திருக்கட்டும். சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் அவசரப்படாமல் வதக்கி, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, இரண்டு தக்காளி கரைந்ததும் எல்லாவற்றையும் குக்கரில் தள்ளி மூடுங்கள். ஐந்தாறு விசில். திறந்ததும் மத்தின் பின்புறத்தால் பாதியை மட்டும் மசியுங்கள். மீதி பல்லுக்கு வேண்டும்.

கீரை கடைசியில். ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கை நிறைய, கொதிக்கும் சூப்பில் போட்டு இரண்டு மூன்று நிமிடம், பச்சை மாறுவதற்குள் இறக்கிவிடவேண்டும். மிளகையும் சீரகத்தையும் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து இறக்கும்போது தூவுங்கள். முன்பே போட்டுக் கொதிக்கவிட்டால் காரம் மட்டும் நிற்கும், மணம் கூரை வழியாகப் போய்விடும். எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கவுச்சி ஆகாத வீட்டில் கறிக்குப் பதில் ஊறவைத்த கொள்ளோ தட்டைப்பயறோ சேர்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் முந்திரியை அரைத்து ஊற்றலாம். அதுவும் பக்கத்துக் கொல்லையில் விளைவதுதானே. முதுநகர்த் துறைமுகத்திலோ பரங்கிப்பேட்டையிலோ நண்டு வாங்கிவந்தால் அதைக் குக்கரில் போட்டுக் கொடுமைப்படுத்தவேண்டாம். பருப்பு வெந்தபின் பத்து நிமிடம் திறந்த சட்டியில் கொதித்தால் போதும். சளிக்கு என்று நண்டுக் காலை மட்டும் இடித்து வடிகட்டுகிற வழக்கத்தை விட்டுவிட்டு உடம்புச் சதையைச் சட்டியிலேயே விடுங்கள். விரலை நக்கிக்கொண்டு சாப்பிடட்டும்.

இப்படி ஒரு சூப் தமிழர்களுக்குப் பழக்கமே இல்லை என்று நினைப்பவர்கள் ரமலானில் ஒரு மாலை பரங்கிப்பேட்டைப் பள்ளிவாசல்கள் பக்கம் போய் வரலாம். நோன்புக் கஞ்சி என்பது வேறென்ன? பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, கொத்துக்கறி, புதினா, மல்லி, தேங்காய்ப்பால். மத்தியானமே அண்டாவில் ஏறி, அஸர் தொழுகை நேரத்துக்குள் குழைந்து, தூக்கு கொண்டுவரும் எல்லோருக்கும் ஊற்றப்படுகிறது. பகலெல்லாம் வயிறு காய்ந்தவருக்குக் கொடுப்பது வடிகட்டிய தண்ணீரை அல்ல. ஊட்டச்சத்துப் படித்தவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டாலும் ஒரே பாத்திரத்தில் இதைவிடச் சரியாகக் கூட்ட முடியாது. அதற்கு அரிசியை அரசாங்கம் கொடுக்கிறது, பக்குவத்தைச் சமையல் பண்டாரிகள் தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டின் வரிசையில் நிற்பதால் அதன் மகிமை மருந்து தேடுபவர்களின் கண்ணில் படவில்லை.

"ரசம் இருக்கும்போது சூப் எதற்கு?" ரசத்தை நான் குறை சொல்லமாட்டேன், சொல்லிவிட்டு இந்த மாவட்டத்தில் குடியிருக்க முடியாது. ஆனால் ரசம் சோற்றின் மேல் ஏறி வருவது. சோறு இல்லாமல் அது தனியாக ஒரு குடும்பத்தைப் பசியாற்றாது. நான் சொல்வது தானே சோறாகவும் குழம்பாகவும் பொரியலாகவும் இருக்கும் ஒரு சட்டி. "பெண்கள் தலையில் இன்னொரு வேலையா?" என்ற கேள்வி நியாயமானது. பதில் என் அனுபவத்தில் இருக்கிறது: சோறு, குழம்பு, ரசம், ஒரு தொட்டுக்கை என்று நாலு அடுப்பு வேலையை இது ஒன்றாக்குகிறது. கழுவவேண்டியது ஒரு குக்கர், ஒரு கரண்டி, ஆளுக்கு ஒரு கிண்ணம். ஆண்கள் கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமான சமையலும் இல்லை. தெருமுனையில் ஊதிக் குடிக்கும் நேரத்தில் பாதிச் சமையல் முடிந்துவிடும்.

"இது சூப்பே இல்லை, கூட்டு" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். இருக்கட்டும். இரண்டாம் கிண்ணமும் வாங்கிக்கொண்டார். மூட்டுக்கு என்ன செய்வது என்றுதான் அவருக்கு இன்னும் கவலை. மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது பெரியம்மா, காலையில் சீட்டு வாங்கினால் எலும்பு டாக்டரைப் பார்த்துவிடலாம். படம் எடுப்பார்கள், எடையைக் குறைக்கச் சொல்வார்கள், தொடைத் தசைக்கு ரெண்டு பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள், மாத்திரையும் தருவார்கள். மருந்தை அங்கே வாங்கிக்கொண்டு ராத்திரி சாப்பிட இங்கே வாருங்கள்.